மரை பொருந்தினால் போதாது: டீசல் ஃபில்டரை மாற்றுவது பற்றி

கம்பெனி கொடுத்த டீசல் ஃபில்டரை எடுத்துவிட்டு வெளியில் கிடைக்கிற ஃபில்டரைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போடலாம் என்பதுதான். என் வண்டியில் போட்டிருக்கிறேன். 2012 மாடல் இன்னோவா, 2.5 லிட்டர் டீசல், வாரண்டி எல்லாம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் எதைப் போடுவது, ஏன் போடுவது, எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு ஸ்பேர்ஸ் கடையில் போய் நின்று வண்டிப் பெயரையும் வருஷத்தையும் சொல்லுங்கள், ஒரே வண்டிக்கு நாலைந்து டப்பாவை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டால் எல்லாமே கறுப்பு பெயிண்ட் அடித்த தகர டப்பாதான். “அதே மரை, அதே சைஸு சார், போட்டுக்கலாம், ஒன்னும் ஆவாது” என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, மரையும் சைஸும் ஒன்றேதான். உள்ளே இருப்பதுதான் வேறு.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இன்றைய டீசல் இன்ஜினுக்குள் நடப்பது பழைய இன்ஜினில் நடந்தது மாதிரி இல்லை. பழைய லாரிகளில் டீசலை அழுத்தித் தள்ளுகிற மைக்கோ பம்பும் அதற்கு முன்னால் இரட்டைக் கிண்ண ஃபில்டரும் இருக்கும். முதல் கிண்ணத்தில் துணி எலிமெண்ட், இரண்டாவதில் காகித எலிமெண்ட். (மைக்கோ என்பது 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, ஆனால் பாடி, அம்பத்தூர் பக்கம் மூத்த மெக்கானிக்குகள் வாயில் அது இன்னமும் மைக்கோதான்.) இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற அந்தக் காலத்து நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்துகொள்ளும். கொஞ்சம் தூசு போனாலும் புகை தள்ளும், சத்தம் கூடும், கழற்றி நாசில் சர்வீஸ் செய்து மாட்டினால் மறுபடி ஓடும். காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கிற முறை, வந்த பிறகு கதை வேறு. பம்ப் டீசலை 1,600 பார் வரை அழுத்தி ரெயிலில் நிறுத்தி வைக்கிறது, சில இன்ஜின்களில் 2,000-க்கும் மேலே. கார் டயருக்குள் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு அது. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குள் ஊசியும் அது ஓடும் துளையும் இரண்டு முதல் நான்கு மைக்ரான் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிகிற துகளே சுமார் 40 மைக்ரான் இருக்க வேண்டும். ஆகவே கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்து ‘டீசல் சுத்தமாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இன்ஜெக்டரைத் தின்கிற தூசு கண்ணுக்குத் தெரியாத தூசு. அந்த அழுத்தத்தில் அது போகிற வேகத்துக்கு, இரும்பில் மணலைப் பீய்ச்சி அடிக்கிற வேலையைத்தான் செய்யும். வால்வு உட்காரும் இடம் அரித்துப்போகும், டேங்குக்குத் திரும்பிப் போகிற ரிட்டர்ன் குழாயில் டீசல் அதிகம் ஓடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அப்புறம் இன்ஜெக்டர் விலையைக் கேட்டுவிட்டு வண்டியை விற்றுவிடலாமா என்ற யோசனை வரும்.

சரி, டப்பாவில் ‘5 மைக்ரான்’ என்று போட்டிருக்கிறதே, அது போதாதா? போதாது. இந்த ஒரு விஷயத்தை டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். வெறும் ‘5 மைக்ரான்’ என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. 5 மைக்ரான் அளவுள்ள துகள் நூறு வந்தால் எத்தனையைப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. நூற்றில் ஐம்பதைப் பிடித்து ஐம்பதை விட்டுவிடுகிற ஃபில்டரும் ‘5 மைக்ரான் நாமினல்’ என்று போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அதனால்தான் ஃபில்டர் தொழிலில் பீட்டா என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் துகள் எண்ணிக்கையைப் பின்னால் இருக்கும் எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். பீட்டா 2 என்றால் பாதியைப் பிடிக்கிறது. பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம். பீட்டா 200 என்றால் 99.5, 1,000 என்றால் 99.9. இதை அளக்க ஐஎஸ்ஓ 19438 என்று ஒரு சோதனை முறையே இருக்கிறது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதற்குத் தனியாக ஐஎஸ்ஓ 16332. நல்ல கம்பெனிகள் தங்கள் ஃபில்டரின் டேட்டா ஷீட்டில் ‘4 மைக்ரானில் இத்தனை சதவீதம்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி எங்கேயும் இல்லை, கடையிலும் சொல்லத் தெரியவில்லை, கம்பெனிக்கு மெயில் போட்டாலும் பதில் வரவில்லை என்றால் அந்த ஃபில்டரை நான் வாங்குவதில்லை. இன்னொன்றும் உண்டு: சோதனைச் சாலை எண் என்பது நிதானமாக, ஒரே சீராக டீசல் ஓடும்போது வருகிற எண். வண்டியில் இன்ஜின் அதிர்வும், ஓட்டம் கூடிக் குறைகிற துடிப்பும் சேரும்போது ஃபில்டர் பிடித்து வைத்த துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். அதனால் எண் மேலே இருக்க வேண்டும். விளிம்பில் நிற்கிற ஃபில்டர் ரோட்டில் தாங்காது.

எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் ஒரு வைஸ் இருக்கிறது. ஓட்டி முடித்த ஃபில்டர்களை அதில் இறுக்கிப் பிடித்து ஹேக்சா பிளேடால் அறுத்து உள்ளே பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் வண்டியில் இருந்தது மட்டுமில்லை, அவரிடம் வருகிற மற்ற வண்டிகளில் கழற்றியதும். அறுக்கும்போது விழுகிற இரும்புத் தூளை விட்டுவிட்டு, காகிதத்தையும் அதை ஒட்டியிருக்கும் விதத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். கம்பெனி ஃபில்டரில் மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கும். காகிதத்தில் சின்னச் சின்ன புள்ளிகளாக அழுத்தம் கொடுத்து, ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாமல் செய்திருப்பார்கள். வெளிப்பக்கம் கறுத்துப்போய் இருக்கும், மடிப்பைப் பிரித்தால் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக அப்படியே இருக்கும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். நல்ல வெளிக் கம்பெனி ஃபில்டர் ஒன்றை அறுத்தபோது அதில் காகிதத்தின் மேல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு செயற்கை இழை அடுக்கும் சேர்த்து இரண்டு அடுக்காக இருந்தது. பெரிய துகள் மேல் அடுக்கில் நிற்கும், சின்னது காகிதத்தில் நிற்கும், அதனால் சீக்கிரம் அடைக்காது.

மலிவு ஃபில்டரை அறுத்த அன்றுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அது ஒரு கால் டாக்ஸி ஓட்டுகிறவருடைய வண்டியில் கழற்றியது, எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் பெரிதாகப் பிளந்து நின்றன. எண்ணிக்கையும் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் குறைவு. அதைவிட மோசம், காகிதத்தின் மேல் முனையைத் தகர மூடியோடு ஒட்டுகிற பசை ஒரு இடத்தில் பிடிக்கவே இல்லை. நகத்தை விட்டால் உள்ளே போனது. அந்தச் சந்து வழியாகப் போகிற டீசலுக்கு மைக்ரான் கணக்கே கிடையாது, அது வடிகட்டாத டீசல். டப்பாவில் என்ன எழுதியிருந்தால் என்ன? அந்த வண்டிக்காரர் பாதி விலைக்கு ஃபில்டர் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம், ஃபில்டரே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்காக வெளி ஃபில்டர் எல்லாமே மோசம் என்று முடிவுகட்டுவதும் நியாயமில்லை. வண்டி கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. பாஷ், மான், மாலே, டென்சோ மாதிரி அந்தத் தொழிலையே செய்கிறவர்களிடம் வாங்கித் தங்கள் பெயர் போட்ட பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதே கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. ஆகவே ‘ஒரிஜினல்’ என்பதற்கும் ‘வெளி’ என்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. நான் போடுகிற கோடு, யார் செய்தது என்று தெரிகிற ஃபில்டருக்கும் தெரியாத ஃபில்டருக்கும் நடுவில். இதில் ஒரு சிக்கல், பெயர் பெற்ற பெட்டிகளுக்குத்தான் டூப்ளிகேட்டும் அதிகம். பெட்டியின் அச்சு மங்கலாக இருக்கிறதா, ஸ்கேன் செய்கிற கட்டம் வேலை செய்கிறதா, டப்பாவில் பார்ட் நம்பரும் தேதிக் குறியும் பொறித்திருக்கிறதா, கூட வருகிற ரப்பர் ஓ ரிங் வளைத்தால் மெத்தென்று வளைகிறதா, இதையெல்லாம் கவுண்டரிலேயே நின்று பார்த்துவிட வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பில் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம், அந்த ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

இதுவரை சொன்னது தூசு. எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர்.

மணலி ரிஃபைனரியிலிருந்து கிளம்புகிற டீசல் அங்கே சுத்தமாகத்தான் கிளம்புகிறது. அப்புறம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை டெர்மினல் தொட்டிகள், டேங்கர் லாரி, பங்கின் தரையடித் தொட்டி, கடைசியில் நம் வண்டி டேங்க். ஒவ்வொரு கை மாறும்போதும் காற்று உள்ளே போகிறது, சென்னைக் காற்றோடு ஈரமும் கூடவே போகிறது. பகல் வெயிலில் டீசல் கொஞ்சம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ராத்திரி ஆறினால் அதைச் சொட்டாக வெளியே விடும். டேங்கில் பாதி காலியாக இருந்தால் அந்தக் காலி இடத்துச் சுவரிலும் வியர்க்கும். டீசல் தண்ணீரைவிட லேசானது என்பதால் இந்தச் சொட்டெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயும் அந்த அடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கூடும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளமும் நினைவிருக்கும். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் வண்டிகள் கதவு உயரத்துக்கு மூழ்கி நின்றன. அப்படி நின்ற வண்டிக்கு டேங்க் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தரையடித் தொட்டிக்கு மேலே முழங்கால் தண்ணீர் நின்ற பங்குகளிலும் மூடி வழியாகக் கசியலாம். பங்கில் தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்க்கும்போது அதன் நுனியில் ஒரு பசை தடவி விடுவார்கள், தண்ணீர் பட்டால் அந்தப் பசை நிறம் மாறும். வெள்ளம் வடிந்த வாரங்களில் டீசல் போடுவதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

தண்ணீர் என்ன செய்யும்? உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், தனியாக லூப்ரிகேஷன் கிடையாது. டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால் இரும்பும் இரும்பும் நேராக உரசும், வண்டி நிற்கும்போது துரு பிடிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்கிற மாசுக் கட்டுப்பாட்டு அளவு) டீசல்தான், அதில் கந்தகம் 10 பிபிஎம்-க்குமேல், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குக்குமேல், இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4-இல் 50. ஊர்க் காற்றுக்கு நல்லது, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலுக்கு இயல்பாக இருந்த வழுவழுப்பும் குறைந்துவிடும் என்பதால் அதைச் சரிக்கட்ட வேறு சேர்மானங்கள் போடுகிறார்கள். பயோடீசல் கலந்திருந்தால் அது தண்ணீரை இன்னும் நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதனாலெல்லாம் தண்ணீர் பெரிய சொட்டாகத் திரளாமல் பொடிப்பொடியாகக் கலந்தே நிற்கிறது. பழைய வகை சாதாரணக் காகித ஃபில்டர் இந்தப் பொடிச் சொட்டைத் தடுப்பதில் திணறும். அந்தக் காகிதத்தில் தண்ணீரை விரட்டுகிற பூச்சு இருக்க வேண்டும், அல்லது பொடிச் சொட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிக் கீழே விழவைக்கிற அடுக்கு இருக்க வேண்டும். ஆகவே வெளி ஃபில்டர் வாங்கும்போது மைக்ரானைக் கேட்கிற அதே மூச்சில் தண்ணீரைப் பிரிக்குமா என்பதையும் கேளுங்கள். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் ஒருவகைப் பூஞ்சையும் வளரும். ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்பாக, கொழகொழவென்று வந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும் என்று அர்த்தம்.

இன்னோவா ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் சென்சார் ஒன்று இருக்கிறது, தண்ணீர் ஒரு அளவுக்குமேல் சேர்ந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்கு எரிகிற நேரத்தில் தண்ணீர் ஏற்கெனவே ஃபில்டருக்குள் வந்து நிறைந்திருக்கிறது. அதற்கு முன்னாலேயே கண்ணால் பார்க்க முடிந்தால் நல்லது என்று நினைத்துத்தான் நான் இரண்டாவது ஃபில்டருக்குப் போனேன். ஆஸ்திரேலியாவில் நீண்ட தூரம் ஓடுகிற டீசல் பிக்கப் வண்டிகளில் இதை ரொம்ப காலமாகச் செய்கிறார்கள். டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று, அடியில் ஒளி புகும் கிண்ணத்தோடு. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் இந்த மாதிரிக் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறேன், நடுக்கடலில் இன்ஜின் நின்றால் தள்ளுவதற்கு ஆள் கிடையாதே.

இங்கே முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று ஒரு பெரிய வாதம் உண்டு. கம்பெனி ஃபில்டருக்குப் பின்னால் 2 மைக்ரானில் இன்னொன்று போட்டால் பம்புக்குப் போவது இன்னும் சுத்தமாக இருக்கும் என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. காரணம் எளிது: என் வண்டியில் டேங்குக்குள் தள்ளுகிற பம்ப் கிடையாது, இன்ஜின் பக்கம் இருக்கும் பம்பே அங்கிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. இழுக்கிற பக்கத்தில் இரண்டு நெருக்கமான ஃபில்டரை அடுத்தடுத்து வைத்தால் பம்ப் மூச்சுத்திணறும், டீசலில் குமிழ் வரும், ஏற்றத்தில் முழு லோடில் இழுவை குறையும். போதாததற்கு, பின்னால் மாட்டுகிற ஃபில்டரிலும் குழாயிலும் நம் கை அழுக்கோ ரப்பர்த் துணுக்கோ இருந்தால் அதைத் தடுக்க அடுத்து யாரும் இல்லை, நேராகப் பம்புக்குத்தான். முன்னால் போட்டால் அந்தக் கவலை இல்லை, கம்பெனி ஃபில்டர் இடத்தில் இருப்பது கடைசிக் காவலாக அப்படியே நிற்கிறது. முன்னால் போடுவது 30 மைக்ரானாக இருந்தால் போதும், அது பெரிய அழுக்கையும் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு ஓட்டத்தைத் தடுக்காமல் விடும். பார்க்கர் கம்பெனியின் ரேக்கார் எலிமெண்ட்களில் இதற்கு நிறமே வைத்திருக்கிறார்கள்: சிவப்பு 30, நீலம் 10, பழுப்பு 2. கடையில் நீலத்தையோ பழுப்பையோ ‘இன்னும் நைஸு சார்’ என்று கொடுத்தால் முன் ஃபில்டருக்கு அது வேண்டாம்.

சிலர் பைக்குக்குப் போடுகிற சின்ன பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டரை டீசல் குழாயை வெட்டி நடுவில் சொருகிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டீசல் வண்டியில் இன்ஜினில் எரிவதைவிடப் பல மடங்கு டீசல் சுற்றிச் சுற்றி ரிட்டர்ன் ஆகிக்கொண்டே இருக்கும், அத்தனைக்கும் அந்தச் சின்ன ஃபில்டர் ஈடுகொடுக்காது. இன்ஜின் சூட்டில் பிளாஸ்டிக் வெடித்தால் டீசல் எங்கே கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டிய வேலையைச் சொல்கிறேன். தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டுக்கு வில்லிவாக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் தடித்த தகடு வெட்டி வளைத்து வாங்கினோம். இடம் பார்ப்பதற்கே பாதி நாள் போனது. டர்போவும் எக்ஸாஸ்ட்டும் இருக்கிற பக்கம் கூடாது, நேர்க்குத்தாக நிற்க வேண்டும், கீழே வடிக்கிற திருகுக்குக் கை போக வேண்டும், பானெட்டைத் தூக்கியதும் கிண்ணம் கண்ணில் பட வேண்டும். குழாய்க்கு அண்ணன் தண்ணீர் ஹோஸை எடுத்தபோது நான் வேண்டாம் என்றேன். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்த எரிபொருள் ஹோஸ்தான் வாங்கினோம், விலை கூட. “சார், இதுக்குப் போய் இவ்ளோ காசா?” என்றார். “அண்ணே, இழுக்கிற பக்கம்ணே, உள்ளே காத்து போச்சுன்னா வெளிய ஒரு சொட்டு கூடத் தெரியாது, நீங்க எங்கன்னு தேடுவீங்க?” என்றதும் சரிதான் என்று தலையாட்டினார். இது நிஜமாகவே முக்கியம். தள்ளுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், பிடித்துவிடலாம். இழுக்கிற பக்கத்தில் காற்றுதான் உள்ளே போகும், எல்லாம் காய்ந்து சுத்தமாகவே இருக்கும், காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். சந்தேகம் வந்தால் ஃபில்டருக்குப் பின்னால் தற்காலிகமாக ஒளி புகும் ஹோஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தால் குமிழ் ஓடுவது தெரிந்துவிடும்.

கம்பெனி ஃபில்டரைக் கழற்றி அந்த இடத்தில் வெளி ஃபில்டரைப் போட்டதும் அன்றைக்கே. கீழே தட்டு வைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, ஸ்ட்ராப் போட்டு டப்பாவைத் திருப்பினால் வந்துவிடும். சென்சாரைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாற்ற வேண்டும், அதன் ஓ ரிங்கையும் புதிதாகப் போட வேண்டும். வெளி ஃபில்டரில் பலர் கோட்டைவிடுகிற இடம் இதுதான், டப்பாவின் மேல் மரை சரியாக இருக்கும், கீழே சென்சார் மரை ஆழம் குறைவாக இருக்கும். கடையிலேயே கேட்டுப் பாருங்கள், முடிந்தால் பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். பழைய ஃபில்டரில் இருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கோடு பிரிந்து நின்றது, மேலே மஞ்சள், கீழே கலங்கலான தண்ணீர், அதில் செம்பழுப்பாகத் துருப்பொடி. விளக்கு அதுவரை எரியவே இல்லை. அண்ணன் பாட்டிலை ரெண்டு மூன்று தடவை குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார், ஷெட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட அதை அங்கேயே வைத்துக்கொண்டார்.

புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டுகிற பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு. நடு ஓட்டையில் ஊற்றாதீர்கள், அது வடிகட்டி வெளியே வருகிற பக்கம், கேனில் இருக்கிற தூசு அப்படியே பம்புக்குப் போகும். காலியாக மாட்டிவிட்டு மேலே இருக்கிற ஹேண்ட் பம்பை அது கல்லு மாதிரி இறுகுகிறவரை அழுத்தினால் போதும். அதைவிட ஆபத்தான பழக்கம், ஏர் எடுக்கிறேன் என்று பழைய இன்ஜினில் செய்த மாதிரி இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டர் அடிப்பது. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே, சில சமயம் கையையே எடுக்க நேரிடும். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் கழுவிவிட்டு வீட்டுக்கு அனுப்பாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், உயர் அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

மைலேஜ் கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடவில்லை, கூடும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பவும் வேண்டாம். ஃபில்டர் மைலேஜுக்கு இல்லை. ஏற்கெனவே அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் இழுவை திரும்ப வரும், அது இழந்ததைத் திரும்பப் பெறுவது. எனக்குக் கிடைத்தது வேறு: மழைக்காலத்தில் பானெட்டைத் தூக்கினால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது, இருந்தால் திருகைத் தளர்த்தி வடித்துவிடுகிறேன். அதோடு வடகிழக்குப் பருவமழை முடிகிறவரை டேங்கைப் பாதிக்குக் கீழே போக விடுவதில்லை, வெள்ளத்துக்குப் பிறகு சில நாள் புது டீசல் இறங்கிய பங்காகப் பார்த்துப் போடுகிறேன். டெல்லி பக்கம் பத்து வருஷமான டீசல் வண்டிக்குக் கொண்டுவந்த தடை மாதிரி இங்கே இல்லாததால் என்னைப் போலப் பலர் பழைய டீசலை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்ஜெக்டர் போனால் வண்டி விலைக்கே கணக்கு வந்துவிடும் வயசு அது.

வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் இதெல்லாம் வேண்டாம், கம்பெனி ஃபில்டரையே கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள், தண்ணீர் வடிப்பதை மட்டும் சர்வீஸில் கேட்டு வாங்குங்கள். குழாயை வெட்டிப் புது ஃபில்டர் வைத்தால் நாளைக்குப் பம்ப் போனாலும் பழி நம் தலையில்தான் விழும். பல புது வண்டிகளில் ஃபில்டரும் ஹீட்டரும் சென்சாரும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் வருகின்றன. அந்த ஹீட்டர் குளிர் நாட்டில் டீசல் மெழுகாகக் கட்டாமல் இருக்க வைத்தது. சென்னையில் அதற்கு வேலையே இல்லை என்றாலும் அந்தக் கனெக்டர் இல்லாத மலிவு எலிமெண்ட்டைப் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரலாம். பார்ட் நம்பரை ஒத்துப்பார்த்து, உங்கள் வண்டிக்கு என்றே செய்ததை மட்டும் வாங்குங்கள்.

கழற்றிய ஃபில்டரையும் வடித்த டீசலையும் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள், அது கூவத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான் போகும். பெரும்பாலான மெக்கானிக் ஷெட்டில் பழைய ஆயிலை எடுத்துப்போக ஆள் வருவார்கள், அந்த டிரம்மில் ஊற்றிவிடுங்கள். டப்பாவைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டால் பழைய இரும்புக் கடையிலும் எடுத்துக்கொள்வார்கள்.